மூடிய கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழி

திங்கட்கிழமையிலிருந்து இந்த மேசை உங்கள் மூவருடையது. நான் மேற்கே, வயல் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்கு மாறிப் போகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கில்லை. பதினொரு வருடங்கள் ஒரே மேசையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்துவிட்டேன், அவ்வளவுதான். கைமாற்றுக் கோப்பில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். நில அளவைப் படங்கள் நீல உறையில். அனுமதி விண்ணப்பங்கள் தெரு வாரியாக. நீர்மட்டக் குறிப்புகள் மாத வாரியாக. அவற்றில் வராத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கட்டடங்களைப் பார்க்கும் வேலை என்று நினைத்துத்தான் நான் வந்தேன். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது, இங்கே வேலை குழிகளோடுதான். எனக்குப் பட்டியல் போட்டால்தான் மனம் அடங்கும், ஆகவே ஒரு பட்டியல் போட்டேன். குடிநீர்க் கிணறுகள். கக்கூஸ் குழிகள். குப்பை புதைக்கும் குழிகள். வடிகான் வெட்டிவிட்டு மூடாத பள்ளங்கள். வீடு கட்ட மணல் அள்ளிய பள்ளங்கள். செங்கல்லுக்குக் களிமண் எடுத்த மடுக்கள். மையவாடியில் இறந்தவர்களை அடக்க வெட்டுகிற கப்றுகள் மட்டும் எங்கள் பொறுப்பில் வராது.

இவற்றில் பார்க்கப் பயங்கரமாக இருப்பவை ஆபத்து குறைந்தவை. சவளக்கடைப் பக்கம் போனால் வயலுக்கு நடுவே களிமண் மடுக்களைப் பார்ப்பீர்கள். மழைக்குப் பிறகு சிறிய குளம்போல நீர் நிற்கும், தாமரை பூத்திருக்கும், எருமை கிடக்கும். ஒரு தடவை ஆழம் பார்க்க அளவுத்தடியோடு போனேன். வரம்பில் நின்ற விவசாயி சிரித்தார். “அந்தக் கம்பை வச்சிட்டு வாங்க மிஸ். இங்கால இடுப்பளவு, அந்தப் பத்தைக்கு நேர கழுத்தளவு, அங்கால ரெண்டாள்” என்றார். அளந்து பார்த்தேன். அரையடிதான் பிழை.

கடற்கரையில் இன்னொரு விதம் இருக்கிறது. கடல் கரையை அரித்து மணலைக் கொண்டுபோன இடங்களில், முன்பு வீடு இருந்த வளவுகளின் கிணறுகள் தனியே எழுந்து நிற்கின்றன. சுற்றிலும் மணல் போய்விட்டது. கொங்கிறீட் வளையங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு நிற்கின்றன. குழியொன்று நிலத்துக்கு மேலே நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மீன்பிடிக்காரர் அவற்றில் வலையைக் காயப் போடுகிறார்கள். அவையும் ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரிகின்றன.

தெரியாதவை மூடிய கிணறுகள். சுனாமிக்கு முன்பு கடலோரத் தெருக்களில் வளவுக்கொரு கிணறு இருந்தது. அலை வந்து போனபின் அவற்றில் உப்பும் சேறும் வேறு பலவும் நிறைந்திருந்தன. அந்த நாட்களில் துப்புரவு செய்தவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டு மூடினார்கள். தென்னங்குற்றிகள், கதவுகள், மெத்தைகள், ஓடுகள், மேலே மணல். குற்றி உக்குவதற்குப் பல வருடங்கள் எடுக்கும். உக்கியபின் உள்ளே வெற்றிடம். மேலே மணல் தானாகத் தாங்கி நிற்கும், எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கிணறுகளுக்குப் பதிவேடு எதுவும் இல்லை. அதனால்தான் புதிய குழி ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும்போது, பழைய கிணறு இருந்ததா என்று வளவுக்காரரைக் கேட்க வேண்டும் என்பது நம் வழக்கம்.

ஒரு வளவில் இந்தக் கேள்வியை நான் இரண்டு முறை கேட்டேன். அங்கே ஒரு மனிதர் இறந்தார். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தெருவைச் சொல்லவில்லை.

வளவு கடலிலிருந்து நான்காவது தெருவில் இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருந்தவர் நசீர். மருதமுனைக்காரர், சாரன் துணி வியாபாரம் செய்பவர், பதினைந்து வருடங்களுக்கு முன்பு இந்தத் தெருவில் ஜெமீலாவைக் கலியாணம் செய்து, ஜெமீலாவின் வீட்டுக்கு வந்தவர். உங்களில் ஒருவர் வெளியூர் என்பதால் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஜெமீலாவுக்கு ஒரே ஒரு தங்கை, நிஸ்னா. தாயும் தகப்பனும் சுனாமியில் போய்விட்டார்கள். அன்று காலை அக்காவும் கைக்குழந்தையாக இருந்த தங்கையும் கடலிலிருந்து தள்ளி, உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டில் இருந்தபடியால் தப்பினார்கள். தங்கைக்குச் சீதன வீடு கட்டிக் கொடுக்கும் கடமை அக்காவுக்கும் அவரின் கணவருக்கும் வந்தது. உம்மாவின் வளவிலேயே மற்றப் பாதியில் வீடு எழும்பியது. நிக்காஹ்வுக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. கக்கூஸ் குழி மட்டும் பாக்கி.

நான் இடம் பார்க்கப் போனபோது வரைபடத்தில் ஒரு பிழை இருந்தது. கக்கூஸில் இருப்பவரின் முகம் தொழும் திசையான கிப்லாவுக்கு நேரே வந்தது. இதை யாரும் ஏற்க மாட்டார்கள். அங்கேயே திருத்தினேன். அறையைத் திருப்பியதும் குழியும் நகர வேண்டியிருந்தது. நாடாவைப் பிடித்து, வளவில் இப்போது பாவிக்கும் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை அளந்து, கிழக்குப் பக்கமாகப் பத்தடி தள்ளி, மணலில் செருப்புக் குதியால் வட்டம் போட்டேன்.

“இந்த இடத்தில முந்தி கிணறு ஏதும் இருந்ததா?” என்று நசீரிடம் கேட்டேன்.

“ஒண்டுமில்ல மிஸ். சுத்தமான மணல். பதினஞ்சு வருசமா இந்த வளவுக்குள்ளதான் இரிக்கன், எனக்குத் தெரியாம ஒரு கிணறு இரிக்குமா?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “மாமியார் ஊட்டில இருந்து இருந்து இப்ப எனக்கு இந்த மண்ணுதான் சொந்த மண்” என்றார்.

ஜெமீலா தேநீரோடு பின்வாசலுக்கு வந்தார். நான் போட்ட வட்டத்தையும் என் கையிலிருந்த நாடாவையும் பார்த்தார். தட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். படிவத்தில் “இல்லை” என்று எழுதி, நசீரின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தை வைத்தேன்.

குழி வெட்ட வந்தவர் ஹனிபா காக்கா, எல்லோருக்கும் அண்ணன் முறை. சாய்ந்தமருதுக்காரர். மணலுக்குள் வளையம் இறக்குவதில் அவரைப்போல ஒருவரை நான் பார்க்கவில்லை. வளையத்துக்கு உள்ளே இறங்கி, விளிம்புக்குக் கீழே சுற்றிச் சுற்றிச் சுரண்டுவார். வளையம் தன் பாரத்தில் மெல்ல இறங்கும். அதன்மேல் அடுத்த வளையம். மேலே நின்று வாளியை இழுப்பவர் அவருடைய மனைவியின் தம்பி இப்றாஹிம்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு நசீர் என்னைக் கூப்பிட்டார். ஹனிபா காக்கா உள்ளே மாட்டிக்கொண்டார் என்றார். ஸ்கூட்டியில் ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். வளவு முழுக்க ஆண்கள். வளையம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே ஹனிபா காக்கா இடுப்பளவு நீரில் நின்றார். தொடை வரை மணல்.

“ஆரு, மிஸ்ஸா? வாங்க வாங்க. உங்கட குழி என்னப் புடிச்சிட்டு உடுதில்ல” என்றார்.

“எந்தக் கால் காக்கா?”

“இடது. கிழக்கால வளையத்துக்குக் கீழ போயிட்டு. கீழ தென்னங்குத்தி ஒண்டு கிடக்கு, அதுக்கும் வளையத்துக்கும் நடுவுல கால். நோவு இல்ல மிஸ். அதுதான் யோசினையா இரிக்கி.”

இப்றாஹிம் கயிற்றைப் பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து குரல் வந்தது. “டேய் மச்சான், அழுதழுது தண்ணியக் கூட்டாத. இங்க இரிக்கிறதே போதும்.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதல் பத்து நிமிடம் நான் சரியாகச் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சரிகள்தான் எனக்குப் பிறகு வந்த துணிச்சலைத் தந்தன. கூட்டத்தை விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்கச் செய்தேன். விளிம்பைச் சுற்றிப் பலகை போட்டேன். ஹனிபா காக்காவின் அக்குளுக்குக் கீழே கயிறு கட்டி மேலே தூணில் பிடிக்கச் செய்தேன். யாரோ தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள், அதை நிறுத்தினேன்.

“தண்ணிய இறைக்காம என்னத்த வேடிக்க பாக்கிறீங்க?” என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர், “படிச்ச புள்ள, புத்தகத்தத் திறந்து பாக்கோணும்போல” என்றார்.

“தண்ணிய இறைச்சா மணலும் சேர்ந்து வரும். அவர மூடிரும்” என்றேன்.

“அவ சரியாத்தான் சொல்றா, வாய மூடுங்கடா” என்றார் ஹனிபா காக்கா கீழேயிருந்து. பிறகு குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். “ஊட்டுக்கார புள்ள! சீனி கொஞ்சம் கூடப் போட்டு ஒரு பிளேன்டீ ஊத்துங்களன். வாளியில இறக்குவாங்க.”

வளவு ஆண்களால் நிறைந்ததும் பெண்களெல்லாம் குசினிக்குள் போய்விட்டிருந்தார்கள். உள்ளே குர்ஆனின் யாசீன் ஓதும் சத்தம் கேட்டது. வெளியே நின்ற ஒரே பெண் நான்.

தீயணைப்பு வண்டி வர அரை மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்கள். நீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வளையத்தைச் சங்கிலி போட்டு மேலே தூக்கினால் அவரைச் சுற்றி மணலைத் தடுத்து நிற்பது எதுவும் இருக்காது. ஆகவே ஒரு பக்கத்து நிலத்தை அகலமாக வெட்டிச் சரித்து, வெளியிலிருந்து வளையத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். கையால் வெட்ட நேரம் போதாது. அடுத்த தெருவில் வடிகான் வெட்டிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரத்தை இப்றாஹிம் ஓடிப்போய் அழைத்து வந்தார். ஓட்டுநர் செல்வம், கல்முனைத் தமிழர், நிதானமானவர்.

எந்தப் பக்கத்தால் வருவது? மேற்கே புதுச்சுவர், அத்திவாரம் காயவில்லை. வடக்கே அயல் வீட்டு மதில். தெற்கே வெட்டிய மணல் குவியல், அதில் இயந்திரம் நிற்காது. கிழக்கு வெறும் நிலம். வேலியைப் பிரித்தால் ஒழுங்கைப் பாதையிலிருந்து நேரே வரலாம்.

ஆனால் வளையம் சாய்ந்ததும் கிழக்கேதான். தென்னங்குற்றி இருப்பதாக அவர் சொன்னதும் கிழக்கேதான். நசீரிடம் திரும்பிக் கேட்டேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பக்கத்தில பழைய கிணறு ஏதும் இல்லையே?”

“வல்லாஹி, அல்லாஹ்மேல சத்தியமா இல்ல மிஸ்! இவ்வளவு காலமும் இதிலதான் ஆடு கட்டினது.” அவர் கண்ணில் நீர் நின்றது. பொய் சொல்லும் முகமில்லை அது.

தென்னங்குற்றி எங்கேயும் கிடக்கும், அலை கொண்டுவந்து புதைத்தது, என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

செல்வம் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். தாங்கு கால்களை இறக்கிவிட்டு ஒரு கணம் யோசித்தார். “மிஸ், கால் ஊண்டுற இடம் ஒரு மாதிரி இருக்கு. உறுதியா?”

“உறுதி” என்றேன்.

முதல் வெட்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. ஹனிபா காக்கா, “பாரம் கொஞ்சம் குறையிது மிஸ், அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அந்த வேளையில் ஜெமீலா தேநீர்க் கோப்பையோடு பின்வாசலுக்கு வந்தார். இயந்திரம் நிற்கும் இடத்தைப் பார்த்தார்.

“அதில நிக்கவேணாம்! உம்மாட கிணறு அது! கிணத்துக்கு மேல நிக்கி!”

செல்வம் கையை எடுத்தார். ஆனால் முன் தாங்கு கால் அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. சத்தம் அதிகம் இல்லை. நிலம் உள்ளே மூச்சிழுத்ததுபோல ஒரு பள்ளம் விழுந்தது. அதற்குள்ளிருந்த நீரும் மணலும் உக்கிய மரமும் வளையத்துக்குக் கீழால் ஒரே பாய்ச்சலாகக் குழிக்குள் போயின. கயிறு இறுகியது. பிறகு இறுக்கம் விட்டது.

கையாலும் சட்டியாலும் தகரத்தாலும் எல்லோரும் வெட்டினார்கள். வெளியே எடுத்தபோது மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது ஒரு முறைக்காகத்தான். செல்வம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாலை வரை அதிலிருந்து இறங்கவில்லை.

அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெமீலா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தான் நின்றார்.

“சுனாமி வந்து மூணாம் நாள்தான் மிஸ், உம்மாவ அந்தக் கிணத்துக்குள்ளால எடுத்த. எனக்குப் பதினாறு வயசு. நான் பார்த்துக்கிட்டு நிண்ட. மறுகா அயலாக்கள் மூடின. அவங்க ஒருத்தரும் இப்ப இந்தத் தெருவில இல்ல, மௌத்தானவங்க போக மத்தவங்க வீட்டுத் திட்டத்துக்குப் போயிட்டாங்க. நான் இத ஒருத்தருக்கும் சொல்லல்ல. நிஸ்னாக்கு உம்மா கடற்கரையில கிடைச்ச எண்டுதான் சொல்லி வச்சிரிக்கன். அவரு கேட்டதுமில்ல, நான் சொன்னதுமில்ல.”

“நான் வட்டம் போட்டதைப் பார்த்தீங்களே” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“பார்த்தன். நீங்க நாடா புடிச்சு அளந்தீங்க. தெரிஞ்சுதான் வைக்கிறீங்க எண்டு நினைச்சன். இருபது வருசம் போயிட்டு, இறுகியிரிக்கும் எண்டும் நினைச்சன். நீங்க என்னட்ட ஒண்டும் கேக்கல்லதானே மிஸ்.”

அது குற்றச்சாட்டாகச் சொல்லப்படவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் நான் அறிக்கை எழுதினேன். அதில் ஒரு வரி: “பழைய கிணறு உண்டா எனக் காணி உரிமையாளரிடம் இரு தடவை விசாரிக்கப்பட்டது, இல்லை எனத் தெரிவித்தார்.” அந்த வரி என்னைக் காப்பாற்றியது. மரண விசாரணையிலும் அதுவே வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் வெளியே போய்ச் சொன்னார்கள்: நிக்காஹ் தள்ளிப்போய்விடும் என்று நசீர் பொய் சொல்லி ஓர் உயிரை எடுத்துவிட்டார். பள்ளியில் அவருக்குப் பக்கத்தில் தொழ நின்றவர் ஒருவர் வேறு வரிசைக்குப் போனார். அதன்பிறகு நசீர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மருதமுனைக்குப் போகத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பொறுப்போம் என்றார்கள்.

ஹனிபா காக்காவின் மனைவி சல்மா இத்தாவில் இருந்தார். கணவர் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களைக் காணாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. அலுவலகத்திலிருந்து போன ஆண்கள் வாசலில் இப்றாஹிமோடு கதைத்துவிட்டுத் திரும்பினார்கள். நான் உள்ளே போகலாம். போனேன்.

வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தார். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம், நான் அவரை அழைப்பதும் அப்படித்தான். கையைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசியாக என்ன கதைத்தார் என்று கேட்டார். சொன்னேன். தம்பியை அழாதே என்று பகிடி பண்ணியதைச் சொன்னபோது, “அவரு அப்பிடித்தான்” என்றார். பாரம் குறைகிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னதையும் சொன்னேன்.

பிறகு கேட்டார். “நசீர் காக்கா பொய் சொன்ன எண்டு ஊரெல்லாம் கதைக்கிது. பொய்யா சொன்னாரு மிஸ்?”

“இல்ல தாத்தா. அவருக்குத் தெரியாது. அவர் இந்த ஊருக்கு வர முந்தியே மூடின கிணறு அது.”

“அவரு அந்த வளவுக்கு மாப்பிள்ளையா வந்தவருதானே?”

“ஓம்.”

“வளவு ஆருட?”

“அவர்ர பொஞ்சாதிட. உம்மாட வழியால வந்தது.”

சல்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்த்தார். “மறுகா என்னத்துக்கு மிஸ் அவருக்கிட்டக் கேட்ட நீங்க?”

என்னிடம் விடைகள் இருந்தன. படிவத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் எனக்கு முன்னால் நின்றார். உடனே பதில் சொன்னார். ஜெமீலா உள்ளே இருந்தார். நானும் இந்த ஊரில் பிறந்தவள். என் வீடும் என் உம்மா தந்ததுதான். எங்கள் வளவில் எந்த மரத்துக்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று என் கணவரிடம் கேட்டால் விழிப்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அன்று பின்வாசலுக்கு இருபதடி. அந்த வளவில் நின்ற அத்தனை பேரிலும் குசினிக்குள் தயக்கமில்லாமல் போகக்கூடியவள் நான் ஒருத்திதான். சல்மாவிடம் இவற்றில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. “பிழைதான் தாத்தா” என்றேன்.

“இப்றாஹிமுக்கும் அதச் சொல்லிட்டுப் போங்க. மெசினைக் கூட்டி வந்தது தான்தான் எண்டு அவன் சோறு தின்னுறானில்ல” என்றார்.

வாசலில் இப்றாஹிமிடம் சொன்னேன். மெசினை எங்கே நிறுத்துவது என்று சொன்னது நான், என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கையில் “காணி உரிமையாளர்” என்று எழுதியது பிழை, காணி உறுதிப் பத்திரத்தில் ஜெமீலாவின் பெயரே உள்ளது, உரிமையாளரிடம் கேட்கப்படவில்லை, கேட்டிருக்க வேண்டியவள் நான். நசீருக்கு ஏன் தெரியாது என்பதை விளக்க, கிணறு மூடப்பட்ட காரணத்தையும் ஒரு பந்தியில் எழுதினேன். என் மேலதிகாரி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது தேவையா மகள்? முதல் அறிக்கையோட விசயம் முடிஞ்சிட்டு. ஒருத்தருக்கும் பிரச்சினை இல்ல.”

“நசீருக்கு இரிக்கி, சேர்.”

“இதக் குடுத்தா உங்களுக்கு வரும்.”

“ஓம் சேர்.”

கொடுப்பதற்கு முன் பிரதியை நசீரிடம் காட்டினேன். பள்ளியில் பெரியவர்களிடம் காட்டலாம், உங்கள் பெயர் துப்புரவாகிவிடும் என்றேன். அவர் நின்றபடி வாசித்தார். அந்தப் பந்திக்கு வந்ததும் நிறுத்தினார். மனைவி பதினைந்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் முதன்முதலாக என் எழுத்தில்தான் வாசித்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குழி மூடிய நாளிலிருந்து ஜெமீலா கிணற்றைப் பற்றி வீட்டில் கதைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

தாளை மடித்தபடி, “இத நிஸ்னா வாசிப்பா மிஸ்” என்றார். “அந்தப் பந்திய எடுத்திருங்க. என்னப் பொய்யன் எண்டு சொல்றவங்க சொல்லட்டும்.”

எடுத்தேன். என்னைப் பற்றிய வரிகள் மட்டும் மேலிடத்துக்குப் போயின. விசாரணை நடந்தது, என் இடமாற்றம் அதன் முடிவு. ஆனால் ஊர் அறிக்கை வாசிப்பதில்லை. முதல் அறிக்கையைத்தான் அது ஏற்கெனவே காதால் கேட்டுவிட்டது.

உங்களுக்கு இதை எழுதலாமா என்று போன கிழமை ஜெமீலாவிடம் கேட்கப் போனேன். நிஸ்னாவுக்கு அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மூன்று நாள் அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுத்தார்களாம். நிக்காஹ்வுக்கு இன்னும் நாள் வைக்கவில்லை. நசீர் அப்போது வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை, மருதமுனைக்குப் போயிருந்தார்.

“எழுதுங்க மிஸ்” என்றார் ஜெமீலா. “ஆனா அவரு பொய் சொல்லல்ல எண்டத முதல்ல எழுதுங்க.”

முதலில் எழுத எனக்கு வரவில்லை. கடைசியில் எழுதுகிறேன். நசீர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவரிடம் கேட்டது நான்.